தாம்பரத்தில் பெயர் பெற்ற சிலந்திகள்!

சென்னைக் கடற்கரையில் இருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ம் ஆண்டில். அந்தக் காலத்தில் பாதையின் கடைசி நிலையமான தாம்பரத்தைச் சுற்றி ஏரிகளும் நெல் வயல்களும் முள்காடும்தான் இருந்தன. 2021-ல் அது தனி மாநகராட்சியாகிவிட்டது. நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கினால் ஷேர் ஆட்டோக்களின் கூவலும், பழக்கடைகளும், வேளச்சேரி போகும் பேருந்துகளும்தான் முதலில் கண்ணில் படும். ஆனால், அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தாலே காட்சி மாறிவிடும். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வாசலைத் தாண்டியதும் வெயில் குறைந்து நிழல் கூடுகிறது. சாலையோரப் புதரில் புள்ளிமான் மேய்கிறது. காய்ந்த இலைகள் காலடியில் நொறுங்குகின்றன.

அந்த இலைகளுக்கு அடியிலும், புதர்களின் மேலும், மரப்பட்டை இடுக்குகளிலும் வாழ்கிற சிற்றுயிர்களைத் தேடுவதையே வேலையாக வைத்திருந்தார்கள் இந்தக் கல்லூரியின் விலங்கியல் துறையைச் சேர்ந்த சிலர். அவர்கள் தேடியது சிலந்தி. அதற்கு முன் உலகில் யாரும் பெயர் வைக்காத சில சிலந்திகளுக்கு, தாம்பரம் முகவரியில் இருந்து பெயர் வைக்கப்பட்டது. நெல் வயலில் நிற்கிற விவசாயிக்கும் இந்தக் கதையில் பங்கு இருக்கிறது.

மதிலுக்குள் தப்பிய காடு

1837-ல் சென்னை நகரத்துக்குள் பள்ளிக்கூடமாகத் தொடங்கிய இந்த நிறுவனம், சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1937-ல் தாம்பரத்துக்கு இடம் மாறியது. சேலையூர் காட்டை ஒட்டிய சுமார் 365 ஏக்கர் நிலம் அதற்குக் கிடைத்தது. வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ், செடி கொடிகளை ஆராய்வதில் பெரிய ஆர்வம் கொண்டவர். அவருடைய அக்கறையில் வளாகத்தில் மரங்கள் நடப்பட்டன. ஏற்கெனவே இருந்த புதர்க்காட்டின் பெரும் பகுதியும் அப்படியே விடப்பட்டது.

செங்கல்பட்டு வட்டாரத்துக்காரர்களுக்கு இந்தக் காடு புதிதல்ல. காரை, களா, சூரைமுள், ஈச்சம், பனை என்று இடுப்பளவும் ஆளுயரமும் வளர்ந்து கிடக்கும். வானுயர்ந்த மரங்கள் இல்லாததால் வருவாய்க் கணக்கில் பல இடங்களில் இதுபோன்ற நிலம் 'தரிசு' என்றே எழுதப்பட்டது. தரிசு என்று எழுதினால் மனை போடுவதும் சுலபம். ஆனால், பூச்சிகளுக்கும் சிலந்திகளுக்கும் இது குடியிருப்பு. ஒரே களாச்செடியில் இலை நுனிக்கு ஒரு சிலந்தி, கிளைக் கவட்டுக்கு ஒன்று, பட்டை இடுக்குக்கு ஒன்று, கீழே சருகுக்கு ஒன்று என்று அடுக்குமாடி போலக் குடித்தனம் நடக்கும்.

பருப்பளவு வேட்டைக்காரர்

இந்தக் கல்லூரியில் ஆய்வு செய்தவர் ஜான் காலேப். 2014-ல் அவர் புதிய தாவும் சிலந்தி ஒன்றை விவரித்து வெளியிட்டார். அதற்கு வைத்த பெயர் ஃபின்டெல்லா ஆல்போடெர்மினஸ். இரண்டாவது சொல்லுக்கு லத்தீனில் 'வெள்ளை முனை' என்று பொருள். அடுத்த ஆண்டு, 2015-ல், அதே கல்லூரியின் மனு தாமஸ் மத்தாய் உள்ளிட்டோருடன் சேர்ந்து, தென்னிந்தியாவில் இருந்து நான்கு புதிய தாவும் சிலந்திகளை ஒரே கட்டுரையில் அறிவித்தார். அதில் ஒன்று, அதுவரை இருந்த எந்தப் பேரினத்திலும் அடங்கவில்லை. அதற்காகவே 'ஃபானுவேலஸ்' என்ற புதிய பேரினம் உருவாக்கப்பட்டது.

பேரினம் என்பது பங்காளிக் கூட்டம் மாதிரி. நெல்லில் பயிரிடும் ஆசிய நெல்லும் காட்டு நெல்லும் ஒரே பேரினம். புதிய இனம் கிடைப்பது, ஏற்கெனவே தெரிந்த குடும்பத்தில் ஒரு புதுப் பிள்ளையைப் பார்ப்பது போல. புதிய பேரினம் கிடைப்பதோ, அப்படி ஒரு குடும்பம் இருப்பதே இப்போதுதான் தெரியவந்தது என்பது போல.

தாவும் சிலந்தியைப் பார்க்காதவர் இருக்க மாட்டார். வீட்டுச் சுவரில், ஜன்னல் கம்பியில், மாட்டுக் கொட்டகைத் தூணில் ஓடி நின்று, தலையைத் திருப்பி ஆளையே பார்க்கிற குட்டிச் சிலந்தி அது. பெரும்பாலானவை ஒரு துவரம்பருப்பு அளவைத் தாண்டாது. மற்ற சிலந்திகளைப் போல வலை கட்டி இரைக்காகக் காத்திருக்காது. பகலில் நடமாடி, பூனை மாதிரி பதுங்கி, பாய்ந்து பிடிக்கும். பாயும் முன் ஒரு நூலை ஒட்டிக்கொள்ளும், தவறினால் அந்த நூலில் தொங்கித் திரும்ப ஏறிவிடும். எட்டுக் கண்களில் முன்னால் இருக்கும் இரண்டு மட்டும் காரின் முகப்பு விளக்கு போலப் பெரியவை. சிலந்திக் குடும்பங்களிலேயே பெரிய குடும்பம் இதுதான். உலகம் முழுக்க 6,000-க்கும் மேற்பட்ட தாவும் சிலந்தி இனங்கள் பதிவாகியிருக்கின்றன.

புதுசு என்று எப்படித் தெரியும்?

'நிறம் வேறு மாதிரி இருக்கிறது, அதனால் புது இனம்' என்று சொல்லிவிட முடியாது. ஒரே இனத்தில் ஆண் ஒரு நிறம், பெண் வேறு நிறம், குஞ்சு இன்னொரு நிறம் என்று இருக்கும். அதனால் வேலை பல படிகளாக நடக்கும்.

முதலில் சேகரிப்பு. புதருக்கு அடியில் ஒரு குடையைத் தலைகீழாக விரித்து, கிளையைக் குச்சியால் தட்டினால் சிலந்திகள் குடைக்குள் விழும். சருகை அள்ளி வெள்ளைத் துணிமேல் சலிப்பது இன்னொரு முறை. தரையில் ஓடுபவற்றுக்கு, மண்மட்டத்துக்கு ஒரு கிண்ணத்தைப் புதைத்து வைத்தால் இரவில் விழுந்து கிடக்கும். பிடித்த இடம், தேதி, எந்தச் செடி, யார் பிடித்தது என்று ஒரு சீட்டு எழுதி, சிலந்தியோடு சேர்த்து 70 சதவிகித ஆல்கஹால் உள்ள சிறு குப்பியில் போட வேண்டும். சீட்டு இல்லாத சிலந்தி, விவரம் எழுதாத விதைப்பொட்டலம் மாதிரி. அதை வைத்து எதுவும் செய்ய முடியாது.

அடுத்தது நுண்ணோக்கி. வளர்ந்த ஆண் சிலந்தியின் வாய்க்குப் பக்கத்தில், குட்டைக் கால்கள் போல இரண்டு உறுப்புகள் இருக்கும். அவற்றின் நுனி, குத்துச்சண்டை வீரரின் கையுறை போல வீங்கியிருக்கும். விந்தணுவைப் பெண்ணிடம் சேர்ப்பது அந்த நுனிதான். பெண்ணின் வயிற்றுக்கு அடியில் அதற்கு ஏற்ற அமைப்பு உண்டு. பூட்டும் சாவியும் போல, இனத்துக்கு இனம் இந்த இரண்டும் மாறும். அதனால்தான் முழு வளர்ச்சி அடையாத சிலந்தியை வைத்துப் பெரும்பாலும் இனத்தை உறுதி செய்ய முடிவதில்லை. காலின் ஒவ்வொரு கணுவையும் அளந்து, கண்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் குறித்து, இந்த உறுப்புகளைப் படமாக வரைவார்கள்.

மிகவும் நேரம் பிடிக்கும் வேலை, பழைய பதிவுகளோடு ஒப்பிடுவது. சிலந்திகளுக்கு முறையாகப் பெயர் வைப்பது, ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் கிளர்க் 1757-ல் வெளியிட்ட புத்தகத்தில் இருந்து தொடங்குகிறது. அதற்குப் பிறகு லத்தீனிலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எழுதப்பட்ட விவரிப்புகள் ஏராளம். சிலவற்றில் நான்கு வரிதான் இருக்கும், படம் இருக்காது. அந்தச் சிலந்தி லண்டனிலோ பாரிஸிலோ கொல்கத்தாவிலோ ஒரு குப்பியில் நூறு வருடமாகக் கிடக்கும். அதையும் பார்த்து, 'இது அது இல்லை' என்று நிரூபித்தால்தான் 'புதிய இனம்' என்று எழுத முடியும்.

அப்படி எழுதும்போது, எந்த ஒரு சிலந்தியை வைத்து அந்தப் பெயர் வைக்கப்பட்டதோ, அதைத் தனியாகக் குறித்துப் பொது அருங்காட்சியகம் போன்ற இடத்தில் பாதுகாக்க வேண்டும். தாம்பரம் பக்கம் மனை வாங்குபவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், அதுதான் மூலப்பத்திரம். பின்னாளில் எத்தனை சந்தேகம் வந்தாலும் அந்தக் குப்பியைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

பட்டா மாறுதலும் உண்டு. 2014-ல் ஃபின்டெல்லா என்ற கூட்டத்தில் சேர்க்கப்பட்ட அந்த 'வெள்ளை முனை' சிலந்தி, 2017-ல் மறு ஆய்வுக்குப் பிறகு இசியஸ் என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டது. மாற்றியவரும் ஜான் காலேப்தான். இப்போது அதன் பெயர் இசியஸ் ஆல்போடெர்மினஸ். இசியஸ் கூட்டத்தில் பிறகு இன்னொரு இந்தியச் சிலந்தியும் சேர்ந்தது. 2021-ல் மகாராஷ்டிராவில் இருந்து அறிவிக்கப்பட்ட இசியஸ் துக்காராமி. மும்பைத் தாக்குதலில் துப்பாக்கி ஏந்தியவனைப் பிடித்து நிறுத்தி உயிர்விட்ட காவலர் துக்காராம் ஓம்ப்ளேயின் நினைவாக வைத்த பெயர் அது. கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கரின் பெயரிலும் 2019-ல் ஒரு தாவும் சிலந்தி பதிவானது.

உலகச் சிலந்திகளின் பேரேடு ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பராமரிக்கப்படுகிறது. 2022 ஏப்ரலில் அதில் 50,000-வது இனம் ஏறியது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த அதுவும் தாவும் சிலந்திதான். இன்னும் அதே அளவு இனங்கள் பெயரில்லாமல் இருக்கலாம் என்பது அந்த அருங்காட்சியகத்தின் மதிப்பீடு.

மெட்ராஸ் பெயர் தாங்கிய வயல் சிலந்தி

சென்னையில் சிலந்திக்குப் பெயர் வைப்பது தாம்பரத்தில் தொடங்கியது அல்ல. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1920 முதல் 1940 வரை இருந்தவர் எஃப்.எச்.கிரேவ்லி. நிர்வாக வேலைக்கு நடுவே இந்தியச் சிலந்திகளைக் குடும்பம் குடும்பமாக ஆராய்ந்து எழுதினார். 1924-ல் அவர் விவரித்த ஒரு சிலந்தியின் பெயர் ஹிப்பாசா மத்ராஸ்படானா. மதராசப்பட்டினத்தின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்.

ஹிப்பாசா கூட்டத்துச் சிலந்திகளைப் பெயர் தெரியாமலே விவசாயிகள் தினமும் பார்க்கிறார்கள். மார்கழிக் காலையில் வரப்புப் புல்லில் பனித்துளி கோத்த வெள்ளைத் துணி விரித்தது போல ஒரு வலை தெரியும். அதன் ஒரு மூலையில் புனல் மாதிரி ஒரு ஓட்டை இருக்கும். அந்த ஓட்டைக்குள் சிலந்தி காத்திருக்கும். வலைமேல் ஒரு தத்துப்பூச்சி விழுந்தால் மின்னல் போல ஓடிவந்து இழுத்துக்கொண்டு போகும். இது ஓநாய்ச் சிலந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஓநாய்ச் சிலந்திகளில் பெரும்பாலானவை வலை கட்டாமல் தரையில் ஓடியே வேட்டையாடும். இந்தக் கூட்டமோ வலையும் கட்டும்.

கிரேவ்லிக்குப் பிறகு இந்தியச் சிலந்தி ஆராய்ச்சியைத் தூக்கி நிறுத்தியவர், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த பி.கே.திக்கதர். 1987-ல் வந்த அவருடைய இந்தியச் சிலந்திகள் கையேடு இன்றும் மாணவர்களின் மேஜையில் இருக்கிறது. சென்னையில் இருந்து கே.விஜயலட்சுமியும் பிரஸ்டன் அஹிமாஸும் 1993-ல் சிலந்திகளுக்கான அறிமுக நூல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். க்ரியா பதிப்பகம் அதை வெளியிட்டது. ஆக, தாம்பரத்தில் நடந்தது நூறு ஆண்டுத் தொடர்ச்சியில் ஒரு கண்ணி.

தமிழருக்குச் சிலந்தி பழைய உறவும்கூட. திருவானைக்காவில் லிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலைப்பந்தல் கட்டிய சிலந்தி, மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்பது தலபுராணம். காளஹஸ்தியின் பெயரில் முதலில் வருகிற 'ஸ்ரீ' சிலந்தியைத்தான் குறிக்கிறது என்பது அந்தத் தலத்தின் கதை.

பாக்கங்களும் மனைகளும்

கல்லூரியை விட்டு வெளியே வந்து கிழக்கே போனால் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம். தெற்கே பிரிந்தால் சோழர் காலக் கோயில் இருக்கும் மாடம்பாக்கம். வடக்கே சிட்லபாக்கம். வேளச்சேரி சாலையிலேயே தொடர்ந்தால் மேடவாக்கம். பெயரில் பாக்கம் ஒட்டிக்கொண்ட ஊருக்கெல்லாம் ஒரு ஏரி உண்டு. ஏரிக்குக் கீழே ஆயக்கட்டு உண்டு. ஆயக்கட்டுக்கு மேலே மேய்ச்சல் புறம்போக்கும் புதர்க்காடும் உண்டு. ஓர் ஏரி நிறைந்தால் அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். செம்பாக்கம் ஏரியின் உபரிநீர் இப்படி ஏரி ஏரியாக இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய்ச் சேர்கிறது.

இன்று அந்த ஆயக்கட்டுகளில் பெரும்பாலும் வீடுகள்தான் விளைகின்றன. ஏரி மிஞ்சியது, பாசனம் போய்விட்டது. நீர் போகிற பாதையில் வீடு வந்தால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பார்த்தன. தண்ணீருக்கு வாய் உண்டு, வழியை மறித்தால் வந்து கேட்கும். புதர்க்காட்டுச் சிலந்திக்கு அப்படிக் கேட்க வழியில்லை. ஜே.சி.பி. ஒரு நாள் காலையில் வந்து களாப்புதரைச் சுரண்டி எடுத்தால், அதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாமலே கதை முடிந்துவிடும்.

மேடவாக்கத்தை ஒட்டிய நன்மங்கலம் காப்புக்காடு, சுமார் 320 ஹெக்டேரில், அந்தப் பழைய நிலத்தின் இன்னொரு மிச்சம். பழைய கல்குவாரிக் குட்டைகளும் பாறைகளும் புதர்களும் கொண்ட அந்தக் காட்டில் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது. கல்லூரி வளாகம், நன்மங்கலம், வண்டலூர் உயிரியல் பூங்காவின் காட்டுப்பகுதி, 2022-ல் ராம்சார் அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கரணை. தென்சென்னைப் புறநகரில் மண்ணின் பழைய முகத்தை இன்னும் பார்க்கக் கூடிய இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பெயர் வைத்த பிறகும் இடத்தைத் தொலைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, சென்னை - மும்பை ரயில் பாதையில் இருக்கும் ஆந்திராவின் கூட்டி சந்திப்பு உதாரணம். அங்கே ரயில்வேயின் விறகுக் கிடங்கில் கிடைத்த நீலநிற மரச்சிலந்தி ஒன்றுக்கு 1899-ல் போசிலோதீரியா மெட்டாலிகா என்று பெயர் வைத்தார்கள். மரக்கட்டையோடு எங்கிருந்தோ வந்த சிலந்தி அது. அதன் சொந்தக் காடு எது என்று தெரியவில்லை. நூறு ஆண்டுகள் கழித்து, 2001-ல்தான் நந்தியால் - கித்தலூர் இடையே உள்ள காட்டில் அது மறுபடியும் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி வெளியானது. அதற்குள் அந்தக் காடே விறகுக்கும் மரத்துக்கும் சிதைந்து கிடந்தது. இன்று அது அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினம். சிலந்தியின் சீட்டில் ஊர்ப்பெயர் எழுதுவது எத்தனை முக்கியம் என்பதற்கும் இதுவே சாட்சி.

குத்துக்கு ஒரு சிலந்தி

பெயர் வைப்பதால் விவசாயிக்கு என்ன லாபம்? நெல் வயலில் இதற்குக் கணக்காகவே பதில் இருக்கிறது.

புகையான் தாக்குதலுக்கு எப்போது மருந்து அடிக்கலாம் என்பதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு இது. வயலில் சிலந்தி இல்லை என்றால், தூருக்கு 1 புகையான். குத்துக்கு 1 சிலந்தி இருந்தால், தூருக்கு 2 புகையான். ஒரு குத்தில் 20 தூர்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால், சிலந்தி இல்லாத வயலில் 20 புகையானைப் பார்த்ததும் யோசிக்க வேண்டும். ஒரே ஒரு சிலந்தி இருந்தால் 40 வரை பொறுக்கலாம். சம்பளம் இல்லாத ஓர் ஆளின் மதிப்பு அந்த 20 புகையான்.

நெல்லில் முக்கியமான ஓநாய்ச் சிலந்தி, ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை தின்னும் என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கையேடு சொல்கிறது. தூருக்கு அடியில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி அது ஓடும். புகையான் உட்காருவதும் அங்கேதான். பயிரின் மேல்பகுதியில் நீள்தாடைச் சிலந்தி காலை நீட்டி இலையோடு இலையாக ஒட்டிக்கிடக்கும். பச்சைத் தத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் அதன் வலையில் சிக்கும். கால்களில் முள் முள்ளாக இருக்கும் லின்க்ஸ் சிலந்தி, இலைச்சுருட்டுப் புழுவின் தாய் அந்துப்பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும். அந்துப்பூச்சி முட்டை வைக்கும் முன்பே காரியம் முடிந்துவிடுகிறது.

உலகம் முழுவதும் சிலந்திகள் ஓர் ஆண்டில் தின்னும் இரை 40 கோடி முதல் 80 கோடி டன் வரை இருக்கலாம் என்று 2017-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு பூச்சிகள்.

பார்க்காமல் மருந்து அடித்தால் முதலில் விழுவது சிலந்தி. புகையானின் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். பத்து நாளில் குஞ்சு பொரித்து வெளியே வரும்போது, தின்பதற்கு ஆள் இருக்காது. அடித்த வயலில்தான் புகையான் அதிகம் என்ற அனுபவம் பல விவசாயிகளுக்கு உண்டு. செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளை நெல்லில் தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான். இந்தோனேசியாவில் இந்தச் சிக்கல் நாட்டு அளவில் வெடித்தது. 1986-ல் அந்த அரசு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. விளைச்சல் விழுந்துவிடவில்லை.

மருந்து அடித்த வயலுக்குச் சிலந்தி திரும்ப எங்கிருந்து வரும்? வரப்பில் இருந்தும், பக்கத்துப் புதரில் இருந்தும்தான். சிலந்திக் குஞ்சு புல் நுனியில் ஏறி, வயிற்றைத் தூக்கி, ஒரு நூலைக் காற்றில் விடும். நூலோடு சேர்ந்து காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் வயலில் இறக்கும். ஓநாய்ச் சிலந்தித் தாயோ முட்டைப் பையை வயிற்றின் பின்னால் ஒட்டிச் சுமக்கும், பொரித்த குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கும். புதர்க்காடு இருக்கிற ஊரில் இந்த நாற்றங்கால் எப்போதும் தயார். காடும் வரப்பும் மொட்டையான ஊரில் மருந்துக்கடைதான் மிச்சம்.

உங்கள் வயலில் பார்க்க...

• காலை வெயில் ஏறும் முன் வயலுக்குள் இறங்குங்கள். குறுக்காக நடந்து, அங்கங்கே 10 குத்துகளைத் தேர்ந்தெடுத்து, தூர்களை மெதுவாக விலக்கி அடிப்பகுதியைப் பாருங்கள். சிலந்தியையும் புகையானையும் தனித்தனியாக எண்ணி எழுதுங்கள். 10 குத்தில் 10 சிலந்தி இருந்தால், குத்துக்கு 1 என்று பொருள்.

• வரப்பை முழுக்க மொட்டை அடிக்க வேண்டாம். ஒரு பக்கம் செதுக்கினால் மறுபக்கம் புல்லை விட்டுவையுங்கள். வரப்பில் உளுந்து, தட்டைப்பயறு இருந்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் தங்கும்.

• நடும்போது எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விடுவதும், தழைச்சத்தை அளவோடு பிரித்து இடுவதும், தண்ணீரைக் காயவிட்டுக் கட்டுவதும் புகையானைக் குறைக்கும்.

• அறுவடைக்குப் பிறகும் உழவின்போதும் சிலந்திக்கு ஒதுங்க இடம் வேண்டும். சீனாவில் விவசாயிகள் வயலோரம் வைக்கோலால் சிறு கூம்புகள் கட்டி வைப்பதுண்டு. இங்கேயும் ஒரு பிடி வைக்கோலைக் குச்சியில் கட்டி வரப்போரம் நட்டு வைக்கலாம்.

• 'சிலந்தி மூத்திரம் பட்டால் கொப்புளம் வரும்' என்பது பல ஊர்களில் உள்ள நம்பிக்கை. கோடு போட்ட மாதிரி எரிச்சலோடு வரும் கொப்புளத்துக்குக் காரணம், பெரும்பாலும் வயலில் இருக்கும் ஒரு சிறு வண்டு. உடம்பில் வைத்து அதை நசுக்கும்போது வருகிற நீர்தான் எரிக்கிறது. சில சமயம் அது அக்கி நோயாகவும் இருக்கும். இரண்டுக்கும் சிலந்தி காரணமல்ல.

• வயல் சிலந்திகள் ஆளைக் கண்டால் ஓடுபவை. கையில் நசுங்கினால் மட்டும் சில கடிக்கலாம். சோப்பு போட்டுக் கழுவினால் போதும். வீக்கம் கூடினாலோ காய்ச்சல் வந்தாலோ அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தாம்பரத்துச் சிலந்திகளுக்குப் பெயர் கிடைத்ததற்கு, நுண்ணோக்கியும் படிப்பும் பொறுமையும் மட்டும் காரணம் அல்ல. யாரோ 1937-ல் ஒரு புதர்க்காட்டைச் சுத்தம் செய்யாமல் விட்டுவைத்ததும் காரணம். ஊரோரக் காரைப்புதரையும் வேலியோரக் களாவையும் வரப்புப் புல்லையும் விட்டுவைக்கிற ஒவ்வொரு விவசாயியும் அதே வேலையைத்தான் செய்கிறார். அந்தப் புதரில் இருக்கிற சிலந்திக்கு யாராவது வந்து பெயர் வைக்க நாளாகலாம். அதுவரை அது பெயர் இல்லாமலே புகையானைத் தின்றுகொண்டிருக்கும்.